புகைக்காதவனுக்கு ஏழு நிமிடம்

நெட்டை சிகரெட் பிடிக்கத் தொடங்கியது ஆசையால் அல்ல, உட்காருவதற்காக.

அட்டைப்பெட்டி ஆலையில் அவனுக்கு வெட்டு மெஷின். காலை எட்டு மணிக்கு அதன் முன் நின்றால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். அட்டையை உள்ளே தள்ள வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், கத்தி இறங்கும். வரிசை மாறினால் விரல் போகும். பின்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மூன்று மரக்கட்டைகள் தொங்கின. புகைக்கிறவன் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு பின்முற்றத்துக்குப் போய் ஏழு நிமிடம் உட்காரலாம். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். புகைக்காதவனுக்கு முற்றத்தில் என்ன வேலை?

இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேஸ்திரியைக் கேட்டால், "நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு" என்பார். உலகத்தில் பாதி அநியாயங்களுக்கு இதுதான் பிறப்புச் சான்றிதழ்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நெட்டைக்குக் கால் வீங்கியது. இரண்டாவது வாரம் ஒரு பாக்கெட் வாங்கினான். வயது பத்தொன்பது. இருமினான், கண்ணில் நீர் வந்தது, ஆனால் உட்கார்ந்திருந்தான். அப்படியே இருபத்தாறு வருடம் உட்கார்ந்தான். பசை ஒட்டும் பிரிவில் பதினொரு பெண்கள் நின்றபடி வேலை செய்தார்கள். அவர்கள் யாரும் புகைப்பதில்லை. ஆகவே அவர்களுக்குக் கால் வலிப்பதில்லை என்பது ஆலையின் கணிப்பு.

ஒரு நாள், பல் குத்தி நாக்கில் வந்த புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்று பல் டாக்டரிடம் போனான். அவர் பல்லை விட்டுவிட்டு நாக்கையே பார்த்தார். பார்த்துவிட்டு வேறோர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு துணுக்கை வெட்டிச் சோதித்தார்கள், புற்றுநோய் என்றார்கள். அடுத்த மாதம் நாக்கின் இடது ஓரத்தை எடுத்துவிட்டார்கள். வெட்டு வேலை சுத்தமாக இருந்ததாக நெட்டை பிற்பாடு சொன்னான். தொழில் தெரிந்தவனின் பாராட்டு.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் விதி என்றார்கள். விதி பாக்கெட்டுக்குப் பத்தாகக் கடையில் விற்கப்படுகிறது, அதற்கு ரசீதுகூடக் கிடைக்கும் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வந்தவர்களில் மச்சான் மட்டும் வெறுங்கையோடு வரவில்லை. மாமா மேல் உயிரையே வைத்திருந்தவன். சட்டைக்குள்ளிருந்து ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்துத் தலையணைக்கு அடியில் செருகினான்.

"என்னடா அது?" என்றாள் நெட்டையின் மனைவி.

"அக்கா, வந்தது வந்துடுச்சு. இனிமே விட்டா என்ன, விடாட்டி என்ன? மனுஷன் ஆசைப்பட்டதையாவது அனுபவிக்கட்டும்."

"கடைசி ஆசையா?"

"அப்படிச் சொல்லல..."

"அவரு கடைசிக்கு இன்னும் வரலடா. வந்தா உனக்கு ஆள் அனுப்புறேன். இப்ப இத எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போனான். ஆனால் அக்கா கண்ணில் படாமல் நெட்டைக்கு இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்பு அவ்வளவு.

வாயில் கதிர்ச் சிகிச்சை தொடங்குவதற்கு முன் டாக்டரம்மா கேட்டார்: "சிகரெட்ட விட்டாச்சா?"

இன்னும் பேச்சு வராத நெட்டை நோட்டில் எழுதிக் காட்டினான்: விட்டாச்சு.

"பொய், டாக்டர்" என்றாள் மனைவி. "நேத்து கக்கூஸுக்குள்ள பிடிச்சாரு. கண்ணுல படாட்டியும் எனக்கு மூக்கு இருக்கு."

நெட்டை அடுத்த பக்கத்தில் எழுதினான்: நோய் வந்தாச்சு. இனி விட்டு என்ன லாபம்?

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. அதனால நேராச் சொல்றேன். ஒரே நோய், ஒரே அளவு, ஒரே ஆபரேஷன். அப்புறமும் பிடிக்கிறவங்கள விட, விட்டவங்கதான் அதிக நாள் இருக்காங்க. கதிர் வேலை செய்யணும்னா ரத்தத்துல ஆக்சிஜன் வேணும். புகை அதக் குறைக்கும். நான் இந்தப் பக்கம் அணைக்கிறேன், நீங்க அந்தப் பக்கம் ஊதுறீங்க. புண் ஆறாது. போன நோய் திரும்பி வரலாம். தொண்டையிலயோ நுரையீரல்லயோ புதுசா வேற ஒண்ணும் வரலாம்."

"விட்டா பொழைச்சுக்குவாரா?" என்றாள் மனைவி.

"சத்தியம் பண்ண மாட்டேன். வாய்ப்பு கூடும். உங்க வீட்டுக்காரர் கையில இருக்கற ஒரே மருந்து அது. அதுக்குக் காசும் கிடையாது."

நெட்டை நோட்டைப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து மிச்சமிருந்த ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். டாக்டரம்மா அதைக் குப்பைத்தொட்டியில் போட்டார். யாரும் கைதட்டவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவன் வீட்டில் எல்லாரையும் கடித்துக் குதறினான், நோட்டில் எழுதி. மனைவி அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுப்பு பற்றவைத்தாள்.

ஏழு மாதம் கழித்து ஆலைக்குத் திரும்பினான். பேச்சு வந்திருந்தது, ஒவ்வொரு சொல்லாக, கனமான அட்டையைத் தள்ளுவதுபோல. எச்சில்தான் திரும்பி வரவில்லை. கதிர் எச்சில் சுரப்பியை வற்ற வைத்துவிட்டது. அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெட்டு மெஷின் பக்கம் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. ஒரு சொட்டு விழுந்தால் அட்டை உப்பிவிடும்.

முதல் நாள் காலை பத்தரைக்குத் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்கதவுக்குப் போனான். கையை ஆணிக்கு நீட்டினான்.

"என்ன நெட்டை, திரும்பவும் ஆரம்பிச்சுட்டியா?" என்றார் மேஸ்திரி.

"இல்ல. தண்ணி குடிக்கணும்."

"அப்ப கட்டைய எதுக்கு எடுக்கற? புகைக்கறவங்களுக்குத்தான் கட்டை. சட்டத்த நான் மாத்த முடியாது."

முற்றத்திலிருந்து சுருட்டை எட்டிப் பார்த்தான். சுருள்முடிக்காரன், இருபது வருடமாகப் பக்கத்து மெஷின். "டேய், இதுக்கு எதுக்குடா வம்பு? ஒண்ண கையில வெச்சுக்க. உக்காரு, தண்ணியக் குடி." ஒரு சிகரெட்டை நெட்டையின் விரலிடுக்கில் செருகினான். இருபத்தாறு வருடப் பழக்கம். விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

"பத்த வைக்காம என்ன நாடகம்?" என்றார் மேஸ்திரி.

சுருட்டை தீக்குச்சியை உரசினான். "ஒரு இழுப்பு இழுத்துக் காட்டிடு, மாப்ள. ஒரு இழுப்புல ஒண்ணும் ஆகாது."

நெட்டைக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. சிகரெட் நுனி குச்சியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. பத்தொன்பதாவது வயதிலும் இதே முற்றம், இதே தூரம். அன்றைக்குக் கால் வலிக்காக நாக்கைக் கொடுத்தான். இன்றைக்குத் தண்ணீருக்காக மிச்சத்தைக் கேட்கிறார்கள்.

குச்சி சுருட்டையின் விரலைச் சுட்டு அணைந்தது.

நெட்டை சிகரெட்டை அவன் காதில் செருகிவிட்டு, ஆணியிலிருந்து ஒரு கட்டையை எடுத்தான். முற்றத்துக்குப் போகவில்லை. பசைப் பிரிவுக்கு எதிரே இருந்த படிக்கட்டில் போய், எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான்.

பசைப் பிரிவில் மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏன் தம்பி, புகைக்காமலே கட்டைய எடுக்கலாமா?"

"எடுத்துட்டேனே, அக்கா."

"பத்தொம்பது வருஷமா இது எனக்குத் தோணலையே" என்றாள். போய் ஒன்றை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி வந்து, சுருட்டை ஏழு நிமிடம் முடிந்து மாட்டிய மூன்றாவதையும் எடுத்தாள்.

"நீங்க என்ன, சிகரெட் பிடிக்கப் போறீங்களா?" என்று கத்தினார் மேஸ்திரி.

"அந்தக் கண்றாவி எதுக்கு? கால் வலிக்குது."

மேஸ்திரி மேலே போய் முதலாளியிடம் சொன்னார். புகைக்காதவர்கள் உட்காரக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டும்படி அவரைக் கேட்டார். அப்படி ஒரு தாளை ஒட்டினால் படிக்கிறவன் என்ன நினைப்பான் என்று முதலாளிக்கே தோன்றியிருக்க வேண்டும். தாள் வரவில்லை. ஒரு வாரத்தில் ஆணியில் மேலும் நான்கு கட்டைகள் தொங்கின.

சுருட்டைக்கு இப்போதெல்லாம் கட்டை கிடைக்கத் தாமதமாகிறது. "உன்னால எங்க குடி கெட்டுச்சு" என்று திட்டிக்கொண்டே படிக்கட்டில் இடம் பிடித்து உட்காருகிறான். படிக்கட்டில் பற்றவைக்க மூத்தவள் விடுவதில்லை. பாதி நாள் சும்மாவே உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறான்.

நெட்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்து காட்டுகிறான். நேற்று எட்டாவது தடவை. அவர் விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தை அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. மூணு மாசம் கழிச்சு வாங்க."

"வர்றேன்" என்றான் நெட்டை.