கிழிந்த முந்தானை

என் அலமாரியில் ஓர் அரக்குச் சேலை இருக்கிறது. முந்தானை கிழிந்தது. அத்தையின் கல்யாணச் சேலை அது. ஆனால் அதை அதிகம் கட்டியவர் மாமாதான். கடைசிக் காலத்தில் அதை என்னிடம் கொடுத்தபோது, "தச்சுடாதடி" என்றார் அத்தை.

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு அப்பால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப்போய் எரிந்துபோகிற மன்மதனின் கதை. அம்மாவின் தம்பியான மாமாதான் வருடா வருடம் ரதி. மீசையை மழித்து, சேலை கட்டி, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் வாசலில் வந்து நின்றால், "வாங்க மதினி, கொழுந்தெடுக்க வர்றீங்களா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். தப்பு முழங்க, மன்மதன் கையில் முந்தானையைச் சுற்றிப் பிடித்து, "போகாதீங்க சாமி, கெட்ட கனாக் கண்டேன்" என்று அவர் அழத் தொடங்கினால் அதே பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். இந்த வருடமாவது மன்மதன் திரும்பிவிட மாட்டானா என்று நான் ஏங்குவேன். கதை தெரிந்தும் ஏங்குவேன். அப்படி ஒரு கிறுக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் மாமாவின் ஒரே மகன், தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய மாட்டேன், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறேன் என்றான். அத்தை அழுது தடுத்தார். "அவன் வாழ்க்கை, அவனே முடிவு பண்ணட்டும்" என்றார் மாமா. எங்கள் லயத்தில் அதுவரை யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. மறு வருடம் அவன் ஏறிய பஸ்ஸில் குண்டு வெடித்தது.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் விதி என்றார்கள். மாமா எரிந்து விழுந்தார். "விதின்னு சொல்லாதீங்க. அவனா யோசிச்சுப் போனான். அதையும் அவன்கிட்டேருந்து புடுங்காதீங்க."

தீட்டுக்காக ஒரு மாசியை விட்டு, அடுத்த மாசியில் மறுபடி ரதியானார். விடிகிற நேரம், மன்மதன் கிளம்ப வேண்டும். அவன் கையில் சுற்றி முடிந்த முந்தானையை மாமா விடவில்லை. பாட்டு முடிந்தும் விடவில்லை. தப்பு நின்றுபோனது. கூத்தில் இல்லாத அழுகை அது.

கூட்டத்திலிருந்து அத்தை எழுந்து போனார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. தன் கல்யாணச் சேலையைத் தன் கையாலேயே கிழித்தார்.

"விடுங்க. போகணும்னுதானே போறான்."

மன்மதன் போனான்.

போன வாரம் என் மகள் வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அலமாரியைத் திறந்து இந்தச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னம்மா?"

"ஒன்னுமில்ல. எப்ப கெளம்புற?" என்றேன்.