நரி மேல் போட்ட பழி

டவுன் பஸ் ஓட்டும் அவளுக்குத் தெருவில் ஹாரன் என்று பெயர். பெயர் வைத்தவர் ஆளை நன்றாகத்தான் எடை போட்டிருக்கிறார். அவள் டிரைவர் வேலையில் சேர்ந்தபோது மாமியார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நல்லதாப் போச்சு, வீடு அமைதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் அவள்.

டெப்போவின் பின்சுவரை ஒட்டிக் கிடந்த ஓட்டை பஸ்ஸுக்கு அடியில் ஒரு நரி குட்டி போட்டிருந்தது. காலையில் வண்டியை எடுக்கும்போது அதைப் பார்ப்பாள். எஞ்சின் சத்தம் கேட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடும். தெருவில் அந்தப் பயந்தாங்கொள்ளிக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேசினார்கள். பார்த்தவர் சொன்னபோது பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. கேட்டவர் சொன்னபோது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் மகள் கையில் கட்டு.

"நரி அண்ணி. வாசல்லயே வந்து கடிச்சிட்டு ஓடிடுச்சு" என்றான் கொழுந்தன். வேலை இல்லாமல் வீட்டோடு இருந்தவன். கணவன் லாரியோடு வெளியூரில் சுற்றியதால், பள்ளி விட்டு வரும் குழந்தையை இவனும் இவன் வளர்க்கும் நாயும்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் ஊசி போட்டிருந்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பொழுது சாய்வதற்குள் தெருவே கொதித்தது. இறைச்சியில் விஷம் கலந்து டெப்போ சுவரோரம் வைப்பது பற்றி மறுநாள் சாயங்காலம் கூட்டம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறிவித்தார்.

மறுநாள் காலை தலை வாரிவிடும்போது மகள் கேட்டாள்: "நரியைக் கொன்னுடுவாங்களாம்மா? அது என்னைக் கடிக்கவே இல்லையே."

சித்தப்பா அசந்து தூங்கியபோது நாயின் வாயிலிருந்த எலும்பை இழுத்திருக்கிறாள். நாய் கடித்திருக்கிறது. அவ்வளவுதான் கதை.

கொழுந்தன் மறுக்கவில்லை. "தெரிஞ்சா என் நாயைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க அண்ணி. நரிக்காக யாரு அழப்போறா?"

மாமியார் சுற்றி வளைக்கவில்லை. "நீ வாயத் தொறந்தா அவன் வீட்ட விட்டுப் போயிடுவான். அப்புறம் பஸ்ஸ விட்டுட்டு நீதான் புள்ளயப் பாத்துக்கணும்."

அது வெறும் மிரட்டல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்காக வாயை மூடிக்கொள்ள அவள் என்ன ரிப்பேரான ஹாரனா?

சாயங்காலம் கூட்டத்தில் செயலாளர் அவளை முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். பெற்றவள் நாலு சொட்டுக் கண்ணீர் விட்டால் வேலை சுலபமாக முடியும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

"எம் பொண்ணைக் கடிச்சது நரி இல்ல, எங்க வீட்டு நாய்" என்றாள். "வாயில இருந்த எலும்பைப் புடுங்கினா, கடிச்சிடுச்சு."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப அந்த நாயைத்தான் மொதல்ல தீர்த்துக்கட்டணும்" என்றார். நரிக்குத் தயாரான கோபம் வீணாகிவிடக் கூடாதல்லவா? நாலைந்து தலைகள் வேகமாக ஆடின.

"என்னைத் தாண்டிப் போய் அது மேல கை வைங்க பாக்கலாம். குப்பையத் தெருவுல கொட்டி நரிக்குப் பந்தி வைக்கிறது நாமதான். இப்ப விஷத்த வேற வைக்கணுமா? நாளைக்கு அது எந்தப் புள்ள கையில கிடைக்கும்?"

செயலாளருக்கு முகம் சிவந்தது. "ஏம்மா, உனக்கு மனுஷங்க முக்கியமா, மிருகம் முக்கியமா?"

"எனக்கு எம் பொண்ணு முக்கியம். அவ பேரச் சொல்லித்தான கொல்லப் பாக்கறீங்க? அதுக்கு நான் விடமாட்டேன்."

பெற்றவளே இப்படிச் சொன்ன பிறகு விஷம் வைக்க யாரும் முன்வரவில்லை. ஒவ்வொருவராக நழுவினார்கள். கதவோரம் நின்ற கொழுந்தன் அவளைப் பார்க்காமலேயே வெளியேறினான். அவள் வீட்டுக்கு வந்தபோது அவன் பையைக் கட்டி வைத்திருந்தான்.

காலையில் யூனிஃபார்மை மாட்டினாள். வேலையை விடுவதாக இல்லை. பள்ளி விட்டதும் குழந்தையைத் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொள்வது, யார் கேள்வி கேட்டாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

வாசலில் கொழுந்தன் பையின் மேல் உட்கார்ந்திருந்தான். நாயின் கயிறு அவன் கையில் இருந்தது. அண்ணியை நிமிர்ந்து பார்க்காமல் குழந்தையிடம் பேசினான்.

"சாயங்காலம் ஸ்கூல்ல இருந்து நான்தான் கூட்டிட்டு வருவேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

கைக்கெட்டும் தூரத்தில் நின்றவளிடம் குழந்தை அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தது.

"வந்ததும் தூங்கக் கூடாதுன்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு ஹாரன் பஸ்ஸை எடுக்கப் போனாள்.