அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பேணி

படகை விட்டுக் கிண்ணியாத் துறையில் இறங்கி அண்ணனின் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்புகிறேன். அந்தச் சத்தத்தில், விமானம் வருகிறதென்று துறையில் நின்ற சனம் வேலியோரம் விழுந்து படுக்கிறது. வெட்கத்தோடு தகர வேலைசெய்யும் முஸ்லிம் நானா ஒருவரின் கொட்டிலில் அதைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

“ஜப்பான்காரன்ர விமானமெண்டு நினைச்சிட்டோம் தம்பி! சைலன்சர் எங்க?” என்கிறார்.

“அண்ணன் கழட்டிப்போட்டுத்தான் ஓடுறவர். சத்தத்தைக் குறைச்சுத் தாங்கோ நானா.”

அவர் வெறும் தகரப் பால்பேணியில் ஆணியால் ஓட்டை போட்டு, பிஸ்கட் பேணிக்குள் செருகி, புகைக்குழாயில் மாட்டிக் கம்பியால் இறுக்குகிறார். ஈயம் வைத்து ஒட்டினால் சூட்டில் உருகிவிடுமாம்.

“சத்தம்தானே தம்பி இதுக்கு அழகு. ஏன் இந்தப் பாடு?”

“சத்தம் கேட்டா சம்பூரில அம்மா, அண்ணன் வாறாரெண்டு வாசல் படலைக்கு ஓடிவருவா. ஜப்பான்காரன் துறைமுகத்தில போட்ட குண்டில அவர் செத்தது அவவுக்குத் தெரியாது. நான்தான் போய்ச் சொல்லோணும்.”

நானா சுத்தியலைக் கீழே வைக்கிறார். பிறகு கம்பியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றுகிறார்.

உதைத்துப் பார்க்கிறேன். சத்தம் குறைந்திருக்கிறது. ஆனாலும் அது அண்ணன் வருகிற சத்தம்தான்.

“இதுக்கு மேல ஏலாது தம்பி. ஊருக்குக் கிட்டப் போனதும் நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு போங்கோ.”

“ஓம் நானா.”

எஞ்சினை நிறுத்துகிறேன். சம்பூர் இன்னும் வெகு தூரம். வீதியில் ஒருவருமில்லை. போய்ச் சேர எனக்கு அவசரமும் இல்லை. இங்கிருந்தே உருட்டத் தொடங்குகிறேன்.