நான் இணையதளமாக இருந்த வியாழக்கிழமை

டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவன் என்ற ஒரே தகுதிக்காக ஏற்காட்டில் என்னைக் கம்ப்யூட்டர் மேதை ஆக்கினார்கள். ஹையர் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டதை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற பழக்கம் எனக்கும் இல்லை.

ஒண்டிக்கடை என்கிற முக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஸ்வெட்டர் விற்கிற பாய் தன் கடையின் பின்பாதியைப் பிளைவுட் போட்டுத் தடுத்து எனக்கு விட்டிருந்தார். என் மெஷின் ஓட ஆரம்பித்தால் முன்னால் தொங்குகிற குரங்குக் குல்லாய்கள் எல்லாம் சேர்ந்து தலையாட்டும். ரேஷன் கார்டை நகலெடுக்க உள்ளே வந்தவர்கள் திரும்பிப் போகும்போது கழுத்தில் மஃப்ளரோடு போவார்கள். பாயின் வாய் அப்படி.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். சேலத்துச் சிறு வியாபாரிகளுக்கு உதவ அரசாங்க நிதியில் ஒரு வெப்சைட் தொடங்கினார்கள். எந்தக் கடையில் என்ன கிடைக்கும், எந்தக் கடனுக்கு எந்தப் பாரம், லைசென்ஸ் புதுப்பிக்க யாரைப் பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருக்குமாம். போனால் போகிறது என்று மலைக்கும் அதில் ஒரு மூலை ஒதுக்கினார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்தபிறகு அடியில் தங்கின பாயசத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போல, ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் டெலிபோன் இணைப்பும் சக்கரம் வைத்த நாற்காலியும் பஸ்ஸின் கூரையில் ஏறி வந்து சேர்ந்தன. வியாபாரிகள் சங்கம் கூடி, டைப் தெரிந்தவன் நான்தான் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் என் தடுப்புக்குள் தள்ளியது. ஊரை அதிகம் கவர்ந்தது நாற்காலிதான். பெரிய மனிதர்கள்கூட யாரும் பார்க்காதபோது ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார்கள்.

பாய்க்கு மட்டும் ஒரு கவலை. "மலைக் குளுரு மெஷினுக்கு ஆவாதுப்பா" என்று சொல்லி, ஐந்து வயதுப் பிள்ளைக்கான கழுத்தில்லாத ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மானிட்டருக்கு மாட்டிவிட்டார். தலையில்லாத பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மேசைமேல் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. தினமும் காலையில் அவனுக்குச் சட்டை கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். சாயங்காலம் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போவேன்.

வேலை இதுதான்: மலையில் கடை வைத்திருப்பவர்களின் பெயர், விற்கிற சரக்கு, டோர் நம்பர் மூன்றையும் வெப்சைட்டில் ஏற்ற வேண்டும். ஏறின பெயர்களைச் சரிபார்த்து ஒரு ஆபீசர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தால் வியாபாரி அடையாள அட்டை வரும். அட்டை இருந்தால் சீசன் நேரத்தில் கடையை யாரும் கிளப்ப முடியாது. அதோடு, ஆபீசருக்குத் திருப்தியாக இருந்தால்தான் அடுத்த வருஷத்து நிதி. இல்லையென்றால் கம்ப்யூட்டர் வந்த பஸ்ஸிலேயே மலையிறங்கிவிடும், ஸ்வெட்டரோடு.

எல்லோரும் வந்தார்கள். தேன் விற்கிற அத்தனை பேரும் தன்னுடையதுதான் அசல், பக்கத்துக் கடையில் வெல்லப்பாகு என்று என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். ஏற்றியாகிவிட்டது என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் காட்டினால்தான் நகர்ந்தார்கள். கிளியூர் அக்கா ஒருத்திதான் பிரிண்ட் கேட்காதவள்.

ஏரிக்குப் போகிற ரோட்டில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் பம்ப் ஸ்டவ்வும் வடைச்சட்டியுமாக மிளகாய் பஜ்ஜி போடுகிறவள் அக்கா. கிளியூரிலிருந்து விடிகாலையில் நடந்து வருவாள். அவளுடைய வடைச்சட்டி அதற்குள் மூன்று முறை வேனில் ஏறிப் போயிருந்தது. நடைபாதைக் கடைகளைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு ஆபீஸிலிருந்து வருவார்கள். எண்ணெயைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைசித் தடவை சட்டி திரும்பவில்லை, புதுசு வாங்கினாள்.

"ஏனுங்க தம்பி, இந்த அட்டை வந்துட்டா என்ற சட்டியத் தூக்க மாட்டாங்களா?"

"தொடக்கூட முடியாதுங்கக்கா."

"அப்ப என்ற பேரையும் அதுக்குள்ள போட்டுருங்க சாமி. இந்தச் சீசன்லயும் தூக்கிட்டாங்கன்னா நான் மறுபடி எஸ்டேட்டுல மொளகு பறிக்கத்தான் போவணும். என்ற முட்டிக்கு இனி ஏணி ஏற முடியாதுங்க."

போட்டேன். பெயர் ஏறியது, பஜ்ஜி ஏறியது, டோர் நம்பர் கட்டத்தில் நின்றுவிட்டது. மரத்தடிக்கு ஏது டோர், ஏது நம்பர்? காலியாக விட்டால் சிவப்பு எழுத்தில் திட்டியது. 'இல்லை' என்று அடித்தேன், திட்டியது. பூஜ்யம் போட்டேன், அதற்கும் திட்டு. என் ஹையர் பரீட்சைப் பேப்பரைத் திருத்தியவரேதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது. வெப்சைட்டை உண்டாக்கிய சேலத்து இளைஞருக்கு போன் போட்டேன். "டோர் நம்பர் இல்லாம எப்படிங்க கடை இருக்கும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் அக்கா வந்து, "போட்டாச்சுங்களா சாமி?" என்றாள்.

கையில் தூக்குப்போசி. மூடியைத் திறந்ததும் பஜ்ஜி வாசம். கம்ப்யூட்டர் மேதை தன் வாயால் எப்படித் தெரியவில்லை என்று சொல்வான்?

"போட்டாச்சுங்கக்கா" என்றேன்.

அதன்பிறகு தினமும் நாலு மணிக்கு நான்கு பஜ்ஜி வந்துவிடும், கூடவே பச்சை மிளகாய்ச் சட்னி. காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். எப்படியாவது ஒரு வழி பிறக்கும், பிறந்ததும் ஏற்றிவிடலாம் என்று ஒவ்வொரு பஜ்ஜிக்கும் மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு தின்றேன். ஒரு மாதத்தில் பெல்ட்டில் புதுசாக ஒரு ஓட்டை போட வேண்டி வந்தது. சத்தியம் அப்படியே இருந்தது.

ஆபீசர் வியாழக்கிழமை வருகிறார் என்று தகவல் வந்தது. செவ்வாய்க்கிழமை கோடைமழை பிடித்தது. புதன்கிழமை டெலிபோன் செத்தது. வியாழன் காலை எங்கோ மரம் சாய்ந்து கரண்டும் போனது. உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். வெப்சைட்டே தெரியாவிட்டால் அதில் அக்கா இல்லாததும் தெரியாதல்லவா?

பாய் விடுவாரா? "நிதி போயிரும்ப்பா! பிரிண்டு எடுத்தியே, எங்க அதெல்லாம்?" என்றார். கால் மணி நேரத்தில் திட்டம் தயாரானது. மானிட்டருக்குப் பின்னால் ஒரு கம்பளியைத் திரையாகக் கட்டினார். நான் பேப்பர்க் கட்டோடு திரைக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஆபீசர் கேட்கிற பக்கத்தைத் திரையின் இடுக்கு வழியாக நீட்டி, மானிட்டர் கண்ணாடிமேல் படியவைக்க வேண்டும்.

"பாய், அவரு என்ன குழந்தையா?"

"இருவது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றாருப்பா. வந்து எறங்கறப்ப எல்லாரும் குழந்தைதான்."

சொன்னபடியே ஆபீசர் முகம் வெளிறி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரவைத்ததும் அது தானாக ஒரு சுற்று சுற்ற, "ஐயோ, இங்கயுமா?" என்று மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"கரண்டு இல்லையேப்பா, எப்படிக் காட்டுவீங்க?"

"அமுத்துங்க சார், வரும்" என்றார் பாய்.

ஆபீசர் மானிட்டரை ஒரு விரலால் தொட்டார். நான் ஒரு பக்கத்தை நீட்டினேன். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பை விழுங்குகிற சத்தம் கேட்டது. மறுபடி தொட்டார், நீட்டினேன். பாயின் ஸ்வெட்டர் கடை, என் ஜெராக்ஸ் கடை, தேன், மறுபடி தேன், மிளகு, காப்பித்தூள். போகப் போக அவருக்குக் குஷி வந்து வேகமாகத் தட்டத் தொடங்கினார். எனக்குக் கால் மரத்து, ஒரு பக்கம் தலைகீழாக வந்துவிட்டது. "வைரஸ் போலிருக்கு" என்றார் ஆபீசர்.

அந்த நேரத்தில்தான் வாசலில் அந்தக் குரல். "சாருங்களுக்கு வவுத்தப் பொரட்டுதுன்னாங்க. சூடா ஒண்ணு சாப்புட்டா நின்னுருமுங்க."

அக்கா தூக்குப்போசியோடு வந்து என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, மறுபடி முதலிலிருந்து வந்துபோகிற பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் ஒன்று தின்றார். இரண்டாவதும் தின்றார். வெளிறியிருந்த முகத்தில் ரத்த ஓட்டம் வந்தது.

"அம்மா, உங்க பக்கம் எது?" என்று கேட்டு மானிட்டரைத் தொட்டார்.

ஒன்றும் வரவில்லை.

"இன்னொருக்கா அமுத்துங்க சார்" என்றார் பாய், விஷயம் தெரியாமல்.

திரைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை முழங்காலில் வைத்து அவசரமாக எழுதிக்கொண்டிருந்தேன். பெயர், மிளகாய் பஜ்ஜி, டோர் நம்பர் என்று எழுதியதும் பேனா நின்றது. என்ன எண் போடுவது? யாருடைய கதவைத் தூக்கி அந்த மரத்தடியில் வைப்பது? கம்பளியை விலக்கிக்கொண்டு எழுந்தேன். கால் மரத்திருந்ததால் எழுந்த வேகத்தில் ஆபீசர் மடியிலேயே விழப் பார்த்தேன்.

"இவங்க பக்கம் இல்லைங்க சார். டோர் நம்பர் இல்லாம உள்ளே விட மாட்டேங்குது. போட்டாச்சுன்னு நான்தான் பொய் சொல்லிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. "அத்தன பஜ்ஜியும் தின்னீங்களே சாமி" என்றாள், அவ்வளவுதான்.

ஆபீசர் தன் பட்டியலை விரித்தார். "எனக்கும் இதே கட்டம்தான்ம்மா. எண் இல்லாம நானும் எழுத முடியாது. இன்னிக்கு விட்டா அடுத்த வருஷம்தான்."

அக்கா தூக்குப்போசியை மூடினாள். கிளம்பப் போகிறாள் என்று நினைத்தேன். மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"ஏனுங்க, நம்பர்னா கதவுலதான் இருக்கோணுங்களா? என்ற மரத்துல ரோட்டுக்காரங்க வெள்ளையடிச்சு ஒரு நம்பர் எழுதியிருக்கறாங்களே. அது கவர்மெண்டு நம்பருங்களா இல்லீங்களா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் ஆபீசரைப் பார்த்தேன். அவர் எழுந்து, பாயிடம் ஒரு குடை வாங்கிக்கொண்டு மழை மூட்டத்துக்குள் நடந்தார். பின்னால் நாங்கள் மூன்று பேர். மரத்தடிக்குப் போய்க் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஈரப் பட்டையில் விரலால் தடவித் தடவிப் படித்தார்: எழுபத்து மூன்று. நெடுஞ்சாலை ஆட்கள் மரக் கணக்குக்காக எழுதியது.

"கதவு எண்ணுன்னு கேட்டிருக்காங்க. கதவு இருக்கணும்னு கேக்கலை" என்று சொல்லி, குடைக்கடியில் தாளை நனையாமல் பிடித்துக்கொண்டு 73 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை கரண்டும் டெலிபோனும் வந்தன. 73 அடித்தேன். ஒரு மாதம் என்னைத் திட்டித் தீர்த்த கட்டம் மூச்சுவிடாமல் வாங்கிக்கொண்டது. சீசனுக்கு முன்னால் அட்டை வந்தது. வேன் வந்தபோது அக்கா அதைச் சட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டிருந்தாளாம். வந்தவர்கள் இரண்டு தட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனார்களாம். அடுத்த வருஷத்து நிதியும் வந்தது. மின்வெட்டு நேரத்திலும் தளம் தடையில்லாமல் இயங்குகிறது என்று ஆபீசர் அறிக்கையில் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்து என் வேலையை மெச்சி அரசாங்கம் எழுதின ஒரே வரி.

நாலு மணி பஜ்ஜி நின்றுபோனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெட்கத்தை விட்டு நானே மரத்தடிக்குப் போனேன். டூரிஸ்ட் கூட்டம். காசை நீட்டி, "ஒரு பிளேட்டுங்கக்கா" என்றேன்.

அக்கா கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "டோர் நம்பர் சொல்லுங்க சாமி."

"பதினாலுங்கக்கா."

"அது பாய் கடை நம்பருங்களே. அன்னிக்கு வந்த காயிதத்துல பாய் கடையும் பதினாலு, உங்க கடையும் பதினாலுன்னு இருந்துச்சு. எனக்கு இங்கிலீசு தெரியாட்டியும் நம்பர் தெரியுமுங்க. உங்களுக்குன்னா பக்கத்து ஊட்டுக் கதவு கண்ணுக்குத் தெரியுது, எனக்குன்னா மரங்கூடத் தெரியல, இல்லீங்களா?"

டூரிஸ்டுகள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல்தான் சிரித்தார்கள். ஆனாலும் சரியான ஆளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அக்கா எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசியாக எனக்கும் ஒரு தட்டு நீட்டினாள். காசை எண்ணி வாங்கிக்கொண்டாள். எல்லோர் தட்டிலும் நான்கு, என் தட்டில் மூன்று பஜ்ஜிதான் இருந்தது.