நூற்று நான்கு செங்கல்

அந்தப் பின்சுவரில் இருந்த வாசலை மூன்று மாதத்தில் நான்கு முறை அடைத்து, நான்கு முறை திறந்திருக்கிறார்கள். அடைத்ததும் சட்டப்படி, திறந்ததும் சட்டப்படி.

கடை பத்தடி அகலம், இருபத்திரண்டு அடி நீளம். முன்னால் பன் அடுக்கும் கண்ணாடிப் பெட்டி. நடுவில் மாவு பிசையும் மேஜையும் மின்சார அடுப்பும். கடைசியில் அந்தச் சுவர். சுவருக்கு அப்பால் ஒரு சந்து, சந்தின் ஓரம் மூடியில்லாத சாக்கடை.

கடைக்காரம்மா பதினெட்டு வருடம் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தவர். ஓடும் பட்டையில் வரும் ரொட்டிகளில் வெடித்தது, கருகியது, உப்பாதது எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போடுவது அவர் வேலை. நிமிடத்துக்கு அறுபது ரொட்டி. கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் அங்கே அவருக்குக் ‘கழுகு’ என்று பேர். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது தொழிற்சாலைக் கதவில் பூட்டும் ஒரு நோட்டீஸும் தொங்கின. மற்றவர்கள் அழுதார்கள். கழுகு நோட்டீஸைப் படித்து, அதில் தேதி தப்பு என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தது.

சொந்தமாக பன் போடலாம் என்று முடிவானதும் முதலில் போனது நகர அலுவலகத்துக்கு. அதே தெருவில் ஏழெட்டுப் பேர் ஒரு தாள்கூட இல்லாமல் கடை நடத்துகிறார்கள். பக்கத்துக் கடை தையல்காரர் எச்சரித்தார்: “அவங்க தேடி வந்தாத்தான் நமக்குத் தொல்லை. நீயே போய் கழுத்தை நீட்டுறியே.”

“திருடவா போறேன், ஒளிஞ்சு விக்க?” என்றார் கழுகு.

வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், தண்ணீர்ப் பரிசோதனை, தனக்கு மருத்துவச் சான்று, தராசுக்கு முத்திரை. ஆறு வாரத்தில் எல்லாம் வந்துவிட்டன. உரிமம் வரும்வரை கடை நடத்தத் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள், தொண்ணூறு நாளுக்கு. நிரந்தர உரிமத்துக்கு இன்னும் இரண்டே கையெழுத்து பாக்கி. ஒன்று சுகாதாரம், இன்னொன்று தீயணைப்பு.

சுகாதார அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். பின்வாசலைத் திறந்தார், சாக்கடையைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“எலி வரும், ஈ வரும். இந்த வாசலை அடைச்சாத்தான் கையெழுத்து.”

அடைத்தார்கள். வியாழக்கிழமை தீயணைப்பு அதிகாரி வந்தார்.

“அடுப்பு நடுவுல இருக்கு. தீப்பிடிச்சா பின்னால நிக்கிறவங்க எப்படி வெளிய வருவாங்க? பின்வாசல் எங்கம்மா?”

“சுகாதாரத்துல அடைக்கச் சொன்னாங்க சார்.”

“அது வேற டிபார்ட்மென்ட். எனக்கு வாசல் வேணும்.”

திறந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சுகாதாரம் மறு ஆய்வுக்கு வந்து, திறந்த வாசலைக் கண்டு கோபித்துக்கொண்டு போனது. “தீயணைப்புல சொன்னாங்க” என்றதற்கு அதே பதில்: வேற டிபார்ட்மென்ட். இரண்டு பேரும் கேட்டது நியாயம்தான். எலி ஓடும் இடத்தில் செய்த பன்னை யாரும் தின்ன வேண்டாம். தீயில் மாட்டி யாரும் சாக வேண்டாம். சட்டத்தின் மேல் கழுகுக்கு ஒரு புகாரும் இல்லை. சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காததுதான் வயிற்றெரிச்சல்.

அடைப்பதும் திறப்பதும் கணவரின் தம்பி. கொத்தனார். முதல் முறை சிமென்ட் வைத்துக் கட்டினார். இடிக்க ஒரு பகல் பிடித்தது, முப்பது கல் உடைந்தது. அடுத்த தடவையிலிருந்து சிமென்ட் கிடையாது, வெறும் களிமண். கீழே இடதுபக்கம் முதல் கல்லில் தொடங்கி, மேலே கடைசிக் கல் வரை நீலச் சாக்பீஸால் எண் போட்டார். மொத்தம் நூற்று நான்கு. எண் சந்துப் பக்கம், கடைப் பக்கம் சுண்ணாம்பு ஒரு பூச்சு. அடுக்க இரண்டு மணி நேரம், பிரிக்க நாற்பது நிமிடம்.

“அண்ணி, இருபது வருஷத்துல இப்படி ஒரு சுவரு நான் கட்டினதே இல்ல. நாலு பேருக்குக் காட்டலாம்.”

“நாலு பேர் எதுக்கு? அந்த ரெண்டு பேருக்குக் காட்டு தம்பி.”

கோபத்தில் சொன்னது. அப்படியே பலித்தது.

கடைசி வாரம். சனிக்கிழமையோடு தற்காலிக அனுமதி முடிகிறது. பொது மருத்துவமனை கேன்டீன் தினமும் முந்நூறு பன் எடுப்பதாகச் சொல்லியிருந்தது, ஆனால் அன்றைக்குள் உரிம எண் வேண்டும். எண் இல்லையென்றால் கேன்டீனும் இல்லை, கடையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வாசலை அடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். சுகாதாரம் வரவில்லை, மீட்டிங்காம். வியாழக்கிழமை தீயணைப்பு வருமே என்று புதன் காலை பதினொரு மணிக்குக் கொத்தனார் சுவரைப் பிரித்தார். பாதி பிரித்து, கற்களை எண் வரிசையில் சந்தில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சுகாதார அதிகாரி உள்ளே நுழைந்தார்.

“இது என்ன, கல்லுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கு?”

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். தன் வேலையைக் கவனித்துக் கேட்ட முதல் ஆள் என்று கொத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“திரும்பி வைக்கும்போது குழப்பம் வரக்கூடாதுல்ல சார். நீங்க வந்தா வைப்போம், அவங்க வந்தா எடுப்போம்.”

அதிகாரி நின்ற இடத்திலேயே எழுதினார்: ‘திட்டமிட்ட மோசடி. உரிமம் மறுக்கப் பரிந்துரை.’ பிரதியைக் கிழித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கொத்தனார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். “என் வாயில மண்ணு விழ. நானே கெடுத்துட்டேன் அண்ணி.”

கழுகு அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. கையிலிருந்த மாவைக் கழுவினார், இரண்டு துறைகளும் அனுப்பிய கடிதங்களை எடுத்தார், சந்துக்குப் போய் அடுக்கிலிருந்து ஒரு கல்லைத் தூக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டார். பஸ் ஏறினார்.

நகர அலுவலகத்தில் சுகாதாரம் கீழ்த்தளம், தீயணைப்பு மேல்தளம். நடுவில் பதினாறு படி. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. இரண்டு நாற்காலியும் காலி. சாப்பாட்டு அறையில் இருப்பார்கள் என்று பியூன் கை காட்டினார்.

ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல வருடப் பழக்கம் போல, கேட்காமலே எடுத்தார்.

கழுகு இரண்டு டப்பாக்களுக்கும் நடுவில் செங்கல்லை வைத்தார்.

“இது அறுபத்தொண்ணு. மீதி நூத்திமூணு என் கடையில இருக்கு. வைக்கணுமா எடுக்கணுமான்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க.”

“ஏம்மா, இது சாப்பாட்டு நேரம். இங்கெல்லாம் வரக்கூடாது.”

“வேற நேரத்துல நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா கிடைக்கலையே சார்.”

தீயணைப்பு சுகாதாரத்தைப் பார்த்தது. “நீயா அடைக்கச் சொன்னே?”

“சாக்கடை இருக்கே. நீயா திறக்கச் சொன்னே?”

“அடுப்பு இருக்கே.”

சுகாதாரம் வாயில் இருந்ததை மென்று விழுங்கியது. “கம்பி வலை அடிச்ச கதவு போட்டா எனக்குச் சரிதான். தானா மூடிக்கணும்.”

“வெளிப்பக்கமா திறக்கணும். பூட்டு இருக்கக்கூடாது. அது போதும் எனக்கு.”

“அவ்வளவுதான்.”

“அவ்வளவுதான்.”

மூன்று மாதச் சிக்கல், ஒரு கவளம் இறங்கும் நேரத்தில் முடிந்தது. கழுகுக்கு நிம்மதி வரவில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் தலைக்கேறியது. குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது.

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“தெரியறதுக்கு என்ன இருக்கு? ரூல்லயே இருக்கு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையேம்மா.”

“நாளைக்கு என் பன்னுல கல்லு கடிச்சா, ‘கல்லு இருக்கான்னு நீங்க கேக்கலையே’ன்னு நான் சொல்லலாமா சார்? விட்டுடுவீங்களா?”

பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

“மோசடின்னு எழுதினீங்க. மூணு மாசமா நீங்க சொன்னதை நீங்க சொன்னபடி செஞ்சேன், அவர் சொன்னதை அவர் சொன்னபடி செஞ்சேன். இதுல மோசடி யாரு?”

“சரி, அதை அடிச்சிடறேன்” என்றார் சுகாதார அதிகாரி, டப்பாவைப் பார்த்துக்கொண்டு.

“இப்பவே அடிங்க. கதவு எப்படி இருக்கணும்னும் எழுதிக் கொடுங்க, ரெண்டு பேர் கையெழுத்தோட.”

ஒரே தாளில் இரண்டு துறை கையெழுத்துப் போட ஃபாரம் கிடையாதாம். தனித்தனியாக எழுதினார்கள், கை கழுவிவிட்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பட்டையில் ரொட்டி ஓடுவதைப் பார்ப்பதுபோலக் கழுகு வரி வரியாகப் பார்த்தார்.

“இதுல அகலம் மூணடி. இதுல மூணரை. கதவு ஒண்ணுதான் சார்.”

சுகாதாரம் பேனாவை வாங்கி மூன்றைத் திருத்தியது.

வியாழக்கிழமை வெல்டர் வந்தார். வெள்ளிக்கிழமை கதவு நின்றது. சனிக்கிழமை காலை இரண்டு அதிகாரிகளும் ஒரே ஸ்கூட்டரில் வந்து பார்த்தார்கள். டீ சாப்பிடறீங்களா என்று கழுகு கேட்கவில்லை. மாலை நான்கு மணிக்கு உரிமம் கைக்கு வந்தது. கேன்டீனுக்குப் போன் போட்டு எண்ணை இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

பிறகு உட்கார்ந்து அந்த உரிமத்தின் பின்பக்கத்தைப் படித்தார். ஒன்பதாவது நிபந்தனையில் விரல் நின்றது. முன் அனுமதி பெறாமல் கட்டடத்தின் சுவர், கதவு, சன்னலில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது.

“அண்ணி, அப்ப நாம எட்டு தடவை சட்டத்தை மீறியிருக்கோம்” என்றார் கொத்தனார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “இந்தக் கல்லையெல்லாம் வண்டியில ஏத்திடவா? வேற வேலைக்கு ஆகும்.”

“ஒரு கல்லு நகரக்கூடாது.”

“எதுக்கு அண்ணி? அதான் எல்லாம் முடிஞ்சுதே.”

“மூணு வருஷத்துக்கு ஒரு தடவை இவங்களை மாத்துவாங்க. புதுசா வர்றவன் என்ன சொல்வான்னு யாருக்குத் தெரியும்?”

சந்தில், தார்ப்பாய்க்கு அடியில், நூற்று மூன்று கல் வரிசையாக இருக்கின்றன. அறுபத்தொன்று கல்லா மேஜையில், உரிமத்தின் பக்கத்தில்.