இரண்டாம் தடவை கேட்காத டீ

துறைமுகச் சாலைக்குப் பின்னால் ஒரு ஆலோசனை நிலையத்தில் கூட்டிப் பெருக்கி டீ போடுகிற வேலை எனக்கு. பெண்பிள்ளைகளிடம் அத்துமீறி வழக்கில் சிக்கிய பையன்கள் வாரம் ஒரு நாள் அங்கே வருவார்கள். மறுபடியும் அந்தத் தப்புக்குப் போகாமலிருக்க, ஒரு மேடம் அவர்களை வட்டமாக உட்கார வைத்துப் பேசுவார். ஆள் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. டீயைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன்.

ஒரு நாள் மேடம், "வேண்டாம்னு சொன்னா அத்தோட நிறுத்தணும். கெஞ்சக் கூடாது, திரும்பக் கேட்கக் கூடாது" என்று அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தபோது தட்டோடு நுழைந்தேன்.

"வேண்டாம் ஆச்சி" என்றான், புன்னைக்காயல் பக்கத்து நெட்டைப் பையன்.

"அட, அரை கிளாஸாவது குடிய்யா" என்று கையில் திணித்தேன்.

"மேடம், பாத்தியளா! வேண்டாம்னாலும் ஆச்சி விட மாட்டுக்காவ!"

ஒரே சிரிப்பு. எனக்குப் பிளாஸ்குக்குள் இறங்கி மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மேடமும் சிரித்தார். பிறகு அவனிடம், "டீ பிடிக்கலன்னா நீ கீழ வச்சிட்டுப் போயிரலாம். நீ அத்துமீறின அந்தப் பிள்ளையால அப்படிப் போக முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சி, இனிமே நீங்களும் ஒரு தடவைதான் கேட்கணும்" என்றார் என்னிடம்.

சரி என்றேன். நம் ஊரில் முதல் தடவையே "கொடுங்க" என்று யார் சொல்லுவார்கள்? அடுத்த வாரம் பையன்கள் பழக்கத்தில் வேண்டாம் என்றார்கள். பிளாஸ்கை மூடிவிட்டேன். எல்லார் கண்ணும் அதன் பின்னாலேயே வந்தது. மேடமும் அப்படித்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் டீ இல்லாமல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டம் அவர் போட்டதுதானே? மிச்சத்தை அடுக்களையில் நானே குடித்து முடித்தேன்.

நெட்டையன் ஆழ்வார்திருநகரியில் மாமன் வீட்டில் தங்கி வந்துபோனான். சொந்த வீட்டுக்குத் திரும்ப விடுவார்களா என்பதுதான் அவனுக்கு ஒரே நினைப்பு. எதிர்வீடு அந்தப் பிள்ளையின் வீடு. முடிவு சொல்லும் நாளில் அவன் அம்மா மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு வந்தாள்.

"இப்போ முடியாதும்மா. அவன் அந்தத் தெருவுக்கு வரவே வேண்டாம்னு அந்தப் பிள்ளை சொல்லிட்டா" என்றார் மேடம்.

"இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க மேடம். சின்னப் பிள்ளதான, மனசு மாறும்லா?"

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கேக்கச் சொல்லாதம்மா" என்றான். "அவ வேண்டாம்னுட்டா. நான் மாமா வீட்லயே இருக்கேன்."

அவன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பெட்டியை நீட்டினாள். "நீங்களாவது எடுத்துக்கோங்க ஆச்சி."

"ஐயோ, எனக்கு எதுக்கும்மா, வேண்டாம்."

"ஒண்ணே ஒண்ணு..."

"எம்மா, ஆச்சியும் சொல்லிட்டாவ. மூடு" என்று அவனே பெட்டியை வாங்கி மூடினான்.

மரியாதைக்குச் சொன்னது அது. மக்ரூன் என்றால் எனக்கு உயிர். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பெட்டி ஆட்டோவில் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்தேன்.