கரடிக்கு நான் சொன்ன ரவை

ஊரில் போர் நடந்த காலத்தில் அரிசி வாங்க வரிசையில் நின்றபோது, செல் குண்டு விழுந்து என் இடது காலில் காயம் பட்டது. பிறகு அகதியாக வந்து சேர்ந்த வெளிநாட்டில், லா சப்பல் என்ற தமிழ்க் கடைத்தெருவில் அந்தத் தழும்பைப் பார்த்தவர்கள், நான் துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்தவன் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். தேநீர்க்கடையில் கிடைத்த மரியாதை பிடித்திருந்தது. நான் மறுக்கவில்லை.

என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவிய சுதன், கனடாவின் வடக்கே காட்டுக்குள் வீதி போடும் வேலைக்குப் போனான். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது அழைத்தான். நாலு பேர் கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணை, இஞ்சை கரடி வரும். துவக்கு வாங்கிட்டன். பாரமான ரவைதான் ஆழமா இறங்குமாம், கடைக்காரன் சொல்லுறான். ஆனா தோளிலை உதைக்குது. லேசானதும் இருக்கு. எதை எடுக்க?"

நாலு பேரும் தேநீரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் வாழ்நாளில் துவக்கையோ தோட்டாவையோ தொட்டதில்லை.

"லேசானதை எடு தம்பி. வேகமாப் போறதுதான் விழுத்தும்."

"ஓம் அண்ணை. உங்களுக்குத் தெரியாததே!"

மூன்று மாதத்தில் கரடி வந்தது. சுதன் சுட்ட இரண்டு ரவைகளும் ஆழமாக இறங்கவில்லை. கூட நின்றவர் பாரமான ரவையால் அதை விழுத்துவதற்குள் சுதனின் வலது கை போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தான். இந்த முறை தெருவுக்கு வந்து தனியாகப் பேசினேன்.

"ரவையிலை பிழையில்லை அண்ணை. நான்தான் பதறி, சரியாக் குறி வைக்கேல்லை."

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஓம் தம்பி, முதல் தரம் அப்பிடித்தான்" என்றேன்.

கையை இழந்தவன் இன்னும் தன்னைத்தான் நொந்துகொள்கிறான். கடையில் என் மரியாதை அப்படியே இருக்கிறது.